மறுகா எப்ப வரும்?

கல்லடிக் கடற்கரையில் ஏழு மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். தோணியை மணலில் ஏற்றிவிட்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மாமா ஒருவர் திடீரென்று வானத்தைக் காட்டினார்.

"மனே, அந்தா ஒரு வெள்ளி நகருதே, பிளேனா?"

"பிளேன் இல்ல மாமா. செய்மதி."

கொஞ்ச நேரம் பார்த்தார். "மறுகா எப்ப வரும்?"

மட்டக்களப்பாருக்கு 'மறுகா' என்பதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: பிறகு, அடுத்ததாக. நான் போனைத் தட்டிப் பார்த்து, நாளை எத்தனை மணிக்கு எந்தத் திசையில் வரும் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி உள்ளே தங்கிவிட்டது. போன் வானத்தைப் பார்க்கவில்லை. அது சொன்ன நேரம் எங்கோ ஒரு கருவி அந்தச் செய்மதியை நேற்றோ முந்தாநாளோ அளந்ததால் வந்த நேரம். நிற்காமல் ஓடும் ஒன்றை ஒரு தடவை பார்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மறுபடி அது எங்கே வரும் என்று சொல்லி, சொன்ன இடத்தில் காத்திருந்து பிடிப்பதுதான் வித்தை.

பூமியைச் சுற்றும் பொருட்களில் சுமார் 40,000 இப்போது பட்டியலில் வைத்துக் கண்காணிக்கப்படுகின்றன. இயங்கும் செய்மதிகள் அதில் கால்பங்கு, கூடிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. மீதியெல்லாம் செத்த செய்மதிகள், கழன்ற ரொக்கெட் அடுக்குகள், வெடித்தும் மோதியும் சிதறிய துண்டுகள். 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செய்மதி ஒன்றை ஏவுகணையால் அடித்துப் பார்த்தபோது மட்டும் பட்டியலில் 3,000க்கு மேற்பட்ட துண்டுகள் சேர்ந்தன. 2009 பெப்ரவரியில் சைபீரியாவுக்கு மேலே இரிடியம் 33 என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்புச் செய்மதியும் கொஸ்மொஸ் 2251 என்ற செத்துப்போன ரஷ்யச் செய்மதியும் முட்டிக்கொண்டன. இவையெல்லாம் கருவிகளின் கண்ணில் படும் அளவு பெரிய துண்டுகள். ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட துண்டுகள் பன்னிரண்டு இலட்சத்துக்கும் அதிகம் இருக்கும் என்பது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மதிப்பீடு. செக்கனுக்குப் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் வந்து அடித்தால் அந்த அளவுத் துண்டே ஒரு செய்மதியை முடித்துவிடும்.

பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டே வரி. ஒரு வரிக்கு 69 எழுத்து, பெரும்பாலும் இலக்கங்கள்: பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு நீள்வட்டமானது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை சுற்றுகிறது, இந்தக் கணக்கு எந்த நேரத்துக்கு உரியது. அட்டைத் துளைகளில் கணினிக்குக் கணக்குக் கொடுத்த காலத்து வடிவம், இன்றும் ஓடுகிறது. ஒரு விதத்தில் இது செய்மதிக்கான பஞ்சாங்கம்தான். ஆனால் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கக் கலண்டர் ஒரு வருடம் தாங்கும். செய்மதிப் பஞ்சாங்கம் சில நாளிலேயே பழசாகிவிடும்.

ஏன்? நானூறு, ஐந்நூறு கிலோமீற்றர் உயரத்திலும் காற்றின் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. அது செய்மதியைப் பிடித்து இழுக்கிறது. சூரியன் கொதித்தால் அந்த மெல்லிய காற்று வீங்கி மேலே எழும், இழுவை கூடும். 2022 பெப்ரவரியில் சூரியப் புயல் ஒன்று அப்போதுதான் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் நாற்பதளவைக் கீழே இழுத்து எரித்துவிட்டது. நாளைய காற்றை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதனால் சூத்திரத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது, திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். வருடப் பிறப்புக்கு வாக்கியத்தில் ஒரு நேரம், திருக்கணிதத்தில் ஒரு நேரம் என்று இரண்டையும் அச்சடித்து வீட்டில் பெரியவர்கள் வாதாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பழைய வாய்பாட்டை அப்படியே ஓட்டுவதா, வானத்தைப் பார்த்துத் திருத்துவதா என்ற அதே வழக்குத்தான். செய்மதி விடயத்தில் திருக்கணிதக்காரருக்கே வெற்றி.

சரி, யார் அளப்பது?

1957 ஒக்டோபரில் ஸ்புட்னிக் போனபோது மனிதக் கண்தான் முதல் கருவி. (அன்று வெறும் கண்ணால் 'ஸ்புட்னிக்கைப் பார்த்தேன்' என்றவர்களில் பெரும்பாலானோர் பார்த்தது அந்தச் சிறு உருண்டையை அல்ல, அதைத் தூக்கிப்போன ரொக்கெட்டின் உடலை.) அப்புறம் பேக்கர்-நன் என்ற பெரிய பிலிம் கமெராக்கள் உலகில் பன்னிரண்டு இடங்களில் வந்தன. அதில் ஒன்று இந்தியாவின் நைனிதாலில் இருந்தது. ஆட்கள் இரவெல்லாம் விழித்துப் படமெடுத்து, பிலிம் கழுவி, அளவுகோல் வைத்து அளந்தார்கள். இப்போது அந்த முழு வேலையையும் ஆள் இல்லாமலே ஒரு தொலைகாட்டி செய்கிறது.

றோபோ தொலைகாட்டி என்றதும் கை கால் முளைத்த ஒன்றை நினைக்க வேண்டாம். ஒரு குசினி அளவு அறை. தண்டவாளத்தில் உருண்டு திறக்கும் கூரை. இரண்டு மோட்டார் பூட்டிய தாங்கியில் ஒரு குழாய், அதன் பின்னால் கமெரா, பக்கத்தில் சிறு கணினி, வெளியே மழை உணரி. பொழுது பட்டதும் அது முதலில் மேகத்தைப் பார்க்கும். பார்ப்பது என்றால் வெப்பத்தை அளப்பது: தெளிந்த வானம் மிகக் குளிரானதாகத் தெரியும், மேகம் மூடினால் சூடு கூடிக் காட்டும். வானம் சரி என்றால் கூரை திறக்கும். இன்றிரவு பார்க்க வேண்டியவற்றின் வரிசை தயாராக இருக்கும். எதன் கணக்கு அதிகம் பழசாகிவிட்டதோ, எது இன்னொன்றின் மேல் மோதக்கூடும் என்ற சந்தேகம் இருக்கிறதோ, அது வரிசையில் முன்னே போகும். தொலைகாட்டி அந்தப் பக்கம் கிறுகி, சில செக்கன் வெளிச்சத்தைச் சேர்த்து ஒரு படம் எடுக்கும். அடுத்ததற்குப் போகும். நடுவில் தூறினால் தானே மூடிக்கொள்ளும்.

அந்த ஒற்றைப் படத்தைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம். நட்சத்திரங்கள் ஒரு பாகை நகர நாலு நிமிடம் எடுக்கும். தலைக்கு மேலே போகும் தாழ்வான செய்மதி ஒரு செக்கனிலேயே கிட்டத்தட்ட ஒரு பாகை ஓடிவிடும். தொலைகாட்டி நட்சத்திரத்தோடு ஒத்து நகர்ந்தால் நட்சத்திரங்கள் புள்ளிகளாக நிற்க, செய்மதி ஒரு கீறாக விழும். செய்மதியோடு ஓடினால் அது புள்ளி, நட்சத்திரங்கள் கீறுகள். எப்படி எடுத்தாலும் அடுத்த வேலை ஒன்றுதான். படத்தில் உள்ள நட்சத்திரங்கள் எவையென்று கணினி கண்டுபிடிக்கும். அதற்கு உதவுவது ஐரோப்பாவின் கையா விண்கலம் அளந்து வைத்த சுமார் 180 கோடி விண்மீன்களின் அட்டவணை. எந்த விண்மீன் எங்கே என்று தெரிந்துவிட்டால் அவற்றுக்கு நடுவே செய்மதி நின்ற இடத்தையும் மிகத் துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

இங்கே நேரம்தான் உயிர். செய்மதி செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றர் போகிறது. கடிகாரம் ஆயிரத்தில் ஒரு செக்கன் பிசகினால் இடம் ஏழரை மீற்றர் பிசகும். அதனால் நல்ல ஆடிக்கு, அதாவது தொலைகாட்டிக் கண்ணாடிக்கு, காசு செலவழித்துவிட்டுக் கணினியின் கடிகாரத்தை நம்புகிறவர் வீணாய்ப் போவார். ஜீ.பி.எஸ். நேரத்தோடு கமெராவைக் கட்டிவிட வேண்டும். அழகான படம் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. மங்கலாக இருந்தாலும் நேரம் சரியான ஒரு கீறு போதும்.

ஆனால் ஒரு படம் திசையை மட்டும்தான் தரும், தூரத்தைத் தராது. வெவ்வேறு நேரத்தில் எடுத்த பல திசைகளையும் ஈர்ப்பு விதியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பாதை வெளிவரும். இந்தக் கணக்கு செய்மதிகளுக்கு வெகுகாலம் முந்தியது. 1801 ஜனவரி முதலாம் திகதி பியாசி என்ற இத்தாலியர் சீரிஸ் என்ற சிறுகோளைக் கண்டார். சில வாரம் பின்தொடர்ந்தார். பிறகு அது சூரியன் பக்கம் போய் மறைந்துவிட்டது. மறுகா எங்கே வரும்? கவுஸ் என்ற 24 வயது ஜெர்மன் கணிதவியலாளர் அந்தக் கொஞ்ச அளவுகளை வைத்தே கணக்குப் போட்டுச் சொன்னார். அதே வருடக் கடைசி நாளில், அவர் சொன்ன பக்கத்தில், அது மீண்டும் அகப்பட்டது. இன்றைய மென்பொருள்களின் அடியில் ஓடுவதும் அந்தக் குடும்பத்துக் கணக்குகள்தான்.

இவ்வளவுக்கும் ரேடார் இருக்கிறதே என்று கேட்கலாம். மேகம், பகல் எதுவும் ரேடாருக்குத் தடையில்லை. பிரச்சினை தூரம். இரவில் வாவியில் தூரத்துத் தோணியை டோர்ச் அடித்துத் தேடுவதை நினையுங்கள். டோர்ச் வெளிச்சம் போகும்போதும் மெலிகிறது, பட்டுத் திரும்பும்போதும் மெலிகிறது. ரேடாரின் நிலையும் அதுதான்: தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வருவது பதினாறில் ஒரு பங்காகும். தொலைகாட்டிக்கோ சூரியன் இலவசமாக வெளிச்சம் போடுகிறது. பட்டுத் திரும்பும் வழியில் மட்டும்தான் நட்டம். தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்கு. ஆகவே தாழ்வான பாதைகளுக்கு ரேடார், 35,786 கிலோமீற்றர் உயரத்துக்குத் தொலைகாட்டி என்று வேலை பிரிந்துவிட்டது.

அந்த உயரத்துக்கு வந்தால்தான் நம் ஊர் கதைக்குள் வருகிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே அந்த உயரத்தில் சுற்றும் செய்மதி, பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். தொலைத்தொடர்புக்கு இந்த இடத்தைப் பயன்படுத்தலாம் என்று 1945இல் எழுதியவர் ஆதர் சி. கிளார்க், பிறகு இலங்கையிலேயே குடியேறி வாழ்ந்தவர். மட்டக்களப்பிலிருந்து பார்த்தால் இந்தச் செய்மதி வரிசை உச்சந்தலையிலிருந்து வெறும் ஒன்பது பாகை தெற்கே தள்ளிக் கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஒரு காலத்தில் பெரிய வலை டிஷ்கள் நம் வளவுகளில் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னும் ஒன்று. பூமி சரியான உருண்டையல்ல. நடுப்பகுதியும் ஒரு சீரான வட்டமல்ல. அதனால் அந்த உயரத்தில் ஈர்ப்புக்கு இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று கிழக்கு நெடுங்கோடு 75 பாகைக்கு அருகில், மற்றது உலகின் மறுபக்கத்தில். எரிபொருள் முடிந்து கைவிடப்பட்ட செய்மதிகள் பல இந்தப் பள்ளங்களை நோக்கி வழுக்கி, கடந்து, மறுபடி திரும்பி, ஊஞ்சல்போல வருடக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கும். மட்டக்களப்பு இருப்பது 81.7 பாகையில். அந்தக் கிழக்குப் பள்ளம் எங்கள் வானத்தில் 78 பாகை உயரத்தில், உச்சிக்குக் கொஞ்சம் தள்ளித் தென்மேற்கே நிற்கிறது. சுருக்கமாகச் சொன்னால், விண்வெளியின் இரண்டு குப்பைமேடுகளில் ஒன்று கிட்டத்தட்ட எங்கள் கூரைக்கு மேலே. அங்கே காற்றிழுவை கிடையாது. போட்டது போட்டபடி கிடக்கும்.

2024 ஒக்டோபர் 19ஆம் திகதி இந்தப் பக்கத்தில்தான் ஒரு சம்பவம் நடந்தது. 60 பாகைக் கிழக்கில், இந்து சமுத்திரத்துக்கு மேலே நின்ற இன்டெல்சாட் 33இ என்ற செய்மதி துண்டு துண்டாகியது. போயிங் கட்டியது, 2016இல் ஏவப்பட்டது, ஏவும்போது ஆறு தொன்னுக்கு மேல் எடை. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மேற்குப் பக்கம் 63 பாகை உயரத்தில் நடந்த வேலை. அடுத்த நாட்களில் அமெரிக்க விண்படை சுமார் 20 துண்டுகள் என்றது. தொலைகாட்டி வலையமைப்பு வைத்திருக்கும் தனியார் நிறுவனமான எக்ஸோஅனலிட்டிக் 57 என்றது. ரஷ்யா 80க்கு மேல் என்றது. யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவ்வளவு தூரத்தில் வழக்கமான பட்டியல்கள் பிடிப்பது முப்பது சென்ரிமீற்றர் முதல் ஒரு மீற்றர் வரையான பொருட்களைத்தான். அதற்குக் கீழே, ஆடி எவ்வளவு பெரிது, அன்றிரவு எந்த இடத்தில் வானம் தெளிவு, அதே துண்டை மறுநாளும் பிடிக்க முடிந்ததா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். ஒரு தடவை கண்டு பிறகு தொலைத்த துண்டை ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் விட்டுவிடுவார்.

இந்தப் பக்கத்து வானத்தைப் பார்க்க நிலம் குறைவு, கடல்தான் அதிகம். அமெரிக்காவின் ஆழ்வானக் கண்காணிப்புத் தொலைகாட்டிகள் நியூ மெக்சிகோவிலும் ஹவாயிலும் இருக்கின்றன. மூன்றாவது நிலையம் இந்து சமுத்திர நடுவே டியகோ கார்சியாவில். அது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏழு பாகை சொச்சம். நாங்கள் வடக்கே ஏழு பாகை சொச்சம். கண்ணாடியில் பார்த்ததுபோல.

விழும் பொருட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்திரிகைகள் இதைத்தான் எழுதும். 2015 நவம்பர் 13, பகல் 11.48க்கு டபிள்யூ.ரி.1190எஃப் என்ற பொருள் இலங்கையின் தெற்குக் கரைக்கு அப்பால் விழுந்து எரிந்தது. ஒக்டோபர் 3ஆம் திகதி அரிசோனாவின் கற்றலீனா வானாய்வுத் தொலைகாட்டிகள் அதைக் கண்டன. விழும் நேரமும் இடமும் வாரக்கணக்கில் முன்பே தெரிந்துவிட்டன. ஆய்வாளர்கள் விமானத்தில் ஏறி, மேகத்துக்கு மேலே காத்திருந்து படம் பிடித்தார்கள். 1998இல் நிலாவுக்குப் போன லூனார் புரொஸ்பெக்டரை உந்திவிட்ட பகுதியாக அது இருக்கலாம் என்பது பிந்திய முடிவு. ஆனால் 2021 மே 9ஆம் திகதி மாலைதீவுக்கு அருகே விழுந்த சீனாவின் லோங் மார்ச் 5பி ரொக்கெட் பற்றி, கடைசி மணித்தியாலங்கள் வரை எந்தச் சமுத்திரம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. இருபது தொன் அளவு பெரிய பொருள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்படியிருந்தும்.

வித்தியாசம் விழும் விதத்தில். முதலாவது நிலா தூரத்தையும் தாண்டிப் போய்வரும் நீண்ட பாதையிலிருந்து ஒரே பாய்ச்சலில் வந்தது. காற்றுக்கு அதோடு விளையாட நேரமே கிடைக்கவில்லை. இரண்டாவது ஒவ்வொரு சுற்றிலும் காற்றை உரசி உரசி இறங்கியது. எப்போது கைவிட்டு விழும் என்பதில் ஒரு மணித்தியாலம் பிசகினால் இடத்தில் 27,000 கிலோமீற்றர் பிசகும். 'இலங்கை மீது விழலாம்' என்று தலைப்பு வந்தால் அந்தச் செய்தியில் நேரத்துக்குப் பக்கத்தில் எத்தனை மணித்தியாலம் கூடக்குறைய என்று போட்டிருக்கிறார்களா எனப் பாருங்கள். போடாவிட்டால் பத்திரிகையை மடித்து வைத்துவிடலாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு நிலையம் வைக்கலாமா? பெரிய ஆடி வேண்டியதில்லை. இருபது சென்ரிமீற்றர் ஆடியே அந்த உயரத்துச் செய்மதிகளைக் காட்டிவிடும். கட்டுபெத்தையில் ஜப்பான் கொடுத்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. ஆனால் அது கொழும்பின் வெளிச்சத்துக்குப் பக்கத்தில், தென்மேற்குப் பருவ மழையின் வாயில். அங்கே மே முதல் செப்டெம்பர் வரை முகில் கட்டும்போது இங்கே கச்சான் காற்று அடித்து வானம் காய்ந்து கிடக்கும். மார்கழியில் நாங்கள் நனைவோம். வந்தாறுமூலையில் ஒன்று, ஒலுவிலில் ஒன்று என்று இரண்டு பல்கலைக்கழகங்கள் கையில் இருக்கின்றன. பொத்துவிலுக்குத் தெற்கே பாணமைப் பக்கம் போனால் இருட்டும் இருக்கிறது. என் கணக்கில் தடை காசு அல்ல, உப்பு.

அதை நான் பட்டே அறிந்தேன். தொலைகாட்டிகூட இல்லை, ஒரு அகலக்கோணக் கமெராவைப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்து வீட்டு மொட்டைமாடியில் பூட்டினேன். பத்துச் செக்கனுக்கு ஒரு படம். வைகாசி, ஆனி நன்றாக ஓடியது. மாரி முடிந்து பெட்டியைத் திறந்தால் லென்சுக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம், வயர் முனையெல்லாம் பச்சைக் களிம்பு. காகம் மூடியின் இறப்பரைக் கொத்தி ஓட்டை போட்டிருந்தது. ஆள் இல்லாமல் இயங்கும் கருவிக்கு வாரம் ஒரு தடவை துணியோடு வரும் ஆள் தேவை என்பது எந்தக் கையேட்டிலும் எனக்குக் கண்ணில் படவில்லை.

ஆனால் அந்த இரண்டு மாதத்தில் ஒரு வேலை நடந்தது. பழைய ரொக்கெட் உடல் ஒன்றைத் தெரிந்தெடுத்து, வேண்டுமென்றே பத்து நாள் பழைய இரு வரிகளை வைத்துக் கணக்குப் போட்டேன். மாமாவையும் கூப்பிட்டு, மேற்கே படுவான்கரைப் பக்கம் இன்ன நேரத்துக்கு எழும்பும் என்று சொல்லியிருந்தேன். படத்தில் அளந்தபோது அது மூன்று செக்கன் முந்தி வந்திருந்தது. இருபது கிலோமீற்றருக்கு மேல் பிசகு. காற்று இழுத்தால் பிந்தத்தானே வேண்டும் என்று தோன்றும். இல்லை, இழுவையால் அது கீழே இறங்குகிறது, கீழே இறங்கினால் சுற்று சின்னதாகி வேகம் கூடுகிறது, ஆகவே முந்துகிறது. அன்றைய புதிய வரிகளைப் போட்டதும் பிசகு காணாமல் போய்விட்டது. யாரோ இடையில் அதைப் பார்த்து அளந்திருக்கிறார்கள்.

மாமாவுக்கு மூன்று செக்கன் பெரிதாகப் படவில்லை. அந்த வெளிச்சம் தலைக்கு மேலே வந்து, கிழக்கே எழுவான் பக்கம் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே மெல்ல மங்கி, நடு வானத்தில் அணைந்தது.

"எங்க போன?"

"பூமியிர நிழலுக்குள்ள போயிட்டு மாமா. அது போய்க்கிட்டுத்தான் இருக்கு."

"மறுகா?"

"நூறு நிமிசத்துல சுத்தி வரும். ஆனா அப்ப இங்கயும் முழு நிழல். தெரியாது."

வெளிச்சம் அணைந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், விடியச் சாமம் தொழிலுக்குப் போகும்போது தெரியுமா என்று கேட்டார். போனைப் பார்த்தேன். 4.51, மேற்கிலிருந்து கிழக்கே.